டயரில் எழுந்த சுவர்கள்

நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் டாவோஸ் நகரிலிருந்து மேற்கே, ரியோ கிராண்டே பாலத்தைக் கடந்தால் வெறும் புதர்க்காடு. நடுவே மண்ணில் பாதி புதைந்த வீடுகள். அவற்றின் சுவர்களுக்குள் இருப்பது செங்கல் அல்ல, தேய்ந்த கார் டயர்கள்.

1970களில் கட்டடக் கலைஞர் மைக்கேல் ரெனால்ட்ஸ் தொடங்கிவைத்த வேலை இது. தோட்டச் சுவருக்கும் இதே முறைதான். மண் ஒழுகாமலிருக்க அடியில் அட்டை. உள்ளே மண்ணைக் கொட்டிச் சம்மட்டியால் இடிக்க வேண்டும். நிரம்பிய டயர் 130 கிலோவைத் தாண்டும். அப்புறம் நகர்த்த முடியாது என்பதால் வரிசையில் வைத்தே இடிக்கிறார்கள். வெயிலில் ரப்பர் சிதையாதிருக்க மேலே மண் பூச்சு. டயர் இலவசம்தான், முதுகு படும் பாடு வேறு கதை.

அரசு விதிகளோடு மோதிய ரெனால்ட்ஸ் தன் உரிமத்தையே விட நேர்ந்தது. இத்தகைய சோதனைக் கட்டடங்களுக்கு வழிவிடும் மாநிலச் சட்டம் 2007ல்தான் வந்தது.