அட்டையின் மறுபக்கம்

மனிதர் சேர்த்துவைக்கும் பொருள்களில் அன்பினால் சேர்ப்பவை உண்டு. நாளை விலை ஏறும் என்ற கணக்கினால் சேர்ப்பவையும் உண்டு. அம்பத்தூரில் வளர்ந்த நாங்கள், அண்ணன் தம்பி இருவர், சிறுவயதில் கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்துகளைச் சேர்த்தோம். எங்கள் சேகரிப்பு இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பது வெகுகாலம் கழித்தே எங்களுக்கு விளங்கிற்று.

எண்பதுகளின் பிற்பகுதியில் பெட்டிக்கடைகளில் 'பிக் ஃபன்' பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு வீரரின் படம் பொறித்த அட்டை இருக்கும். அதன் பின்புறத்தில் ஓட்டங்களோ விக்கெட்டுகளோ அச்சிடப்பட்டிருக்கும். தின்பதைவிட அட்டைக்காகவே வாங்கிய பிள்ளைகள் எங்கள் தெருவில் அநேகர். அந்த அட்டைமேல் வீரரின் கையெழுத்தையும் பெற்றுவிட்டால் அவனுக்குத் தெருவே தலைவணங்கும்.

1988ஆம் ஆண்டு ஜனவரி மாதம். எம்.ஜி.ஆர். மறைந்து மூன்று வாரங்கள்கூட ஆகாததால் நகரம் துயரத்திலிருந்து முழுதும் மீளவில்லை. பொங்கலை ஒட்டிய அந்நாள்களில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட் போட்டி நடந்தது. அதுவரை யாரும் அதிகம் கேள்விப்பட்டிராத, கண்ணாடி அணிந்த 19 வயது இளைஞர் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டில் பந்து வீச வந்தார். முதல் இன்னிங்ஸில் 61 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட். இரண்டாவதில் 75 கொடுத்து மீண்டும் 8. இறங்கி வந்து அடிக்க முயன்றவர்கள் பந்தைத் தவறவிட, விக்கெட் காப்பாளர் கிரண் மோரே அந்தப் போட்டியில் ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்! 1972இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி தம் முதல் டெஸ்டில் 137 ஓட்டங்களுக்கு 16 எடுத்திருந்தார். அதைவிட ஒரே ஓட்டம் குறைவு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஃபிட்டராயிருந்த எங்கள் அப்பா, போட்டி முடிந்த மாலையில் எங்களைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றார். புதியவராதலால் ஹிர்வானிக்கு அட்டை ஏதும் அச்சாகியிருக்கவில்லை. நாளிதழில் வந்த அவர் படத்தை வெட்டி, பழைய திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அட்டை ஒன்றை நாங்களே செய்திருந்தோம். மின்ரயிலில் சென்ட்ரல் வரை சென்று, அங்கிருந்து நடந்தோம். வாயிலருகே நெரிசல். அப்பா தம்பியைத் தோள்மேல் தூக்கிக்கொண்டார். நீட்டிய பல கைகளுக்கிடையே தம்பியின் அட்டையும் கையெழுத்துப் பெற்றுத் திரும்பியது.

வீடு திரும்பியதும் அப்பா அந்த அட்டையை வாங்கித் திருப்பினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, ஊர், நாள், பதினாறு விக்கெட் என்ற விவரத்தை மெல்ல எழுதி, கீழே தம் பெயரையும் எழுதினார். அதிகம் எழுதிப் பழகாத கை. எழுத்துகள் சற்றே சாய்ந்திருந்தன.

அதே ஆண்டின் இறுதியில் நியூசிலாந்துக்கு எதிரான மூன்று போட்டிகளில் ஹிர்வானி மேலும் 20 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நான்கே டெஸ்டுகளில் 36! எங்கள் அட்டைக்குத் தெருவில் இணையில்லை. ஆனால் அதன்பின் வேகம் தணிந்தது. 1990இல் அனில் கும்ப்ளே அணிக்குள் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஹிர்வானியின் பெயரே பட்டியலில் இல்லை. நாங்கள் கணக்குப் போடத் தொடங்கினோம்.

1992இல் பூந்தமல்லியில் ஒரு பையனிடம் சச்சின் டெண்டுல்கரின் கையெழுத்து இருந்தது. அவனுக்கோ லெக் ஸ்பின் என்றால் உயிர். எந்நேரமும் பந்தை விரல்களுக்கிடையே சுழற்றிக்கொண்டேயிருப்பான். ஹிர்வானியின் அட்டையையும் இருபது பபிள்கம் அட்டைகளையும் கொடுத்தால் டெண்டுல்கரைத் தருவதாகச் சொன்னான். அவன் ஏமாளி என்று எண்ணியபடி, நாங்கள் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து, ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "அந்தக் கண்ணாடிப் பையன் எங்கேப்பா?"

அவர் இனிமேல் விக்கெட் எடுக்கப் போவதில்லை என்று விளக்கினோம். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்புறம் எடுக்கலேன்னா, அன்னிக்கு எடுத்தது இல்லேன்னு ஆயிடுமாப்பா?" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

எங்கள் கணக்கு தப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் அட்டைகளைச் சேர்ப்போர், புகழ் மண்டபத்துக்குள் நுழையக்கூடியவர் யார் என்று இளமையிலேயே ஊகித்து, கையெழுத்தைப் பெற்றுக் காத்திருப்பார்கள். கூப்பர்ஸ்டவுன் ஊரிலுள்ள அந்த மண்டபத்துக்கு 1936இல் முதல் ஐவர் தேர்வாயினர். அவ்வைவரில் ஒருவரான ஹோனஸ் வாக்னரின் பழைய சிகரெட் அட்டை ஒன்று 2022இல் 70 லட்சம் டாலருக்கும் மேலான விலைக்குப் போயிற்று. கிரிக்கெட்டுக்கும் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் 2009இல் அத்தகைய புகழ்ப்பட்டியலைத் தொடங்கியது. கும்ப்ளே 2015இலும் டெண்டுல்கர் 2019இலும் அதில் இடம்பெற்றனர். ஹிர்வானி 17 டெஸ்டுகளில் 66 விக்கெட்டுகளோடு நின்றார். பாப் மாஸியோ ஆறே டெஸ்டுகள் ஆடினார். எண்களை மட்டும் பார்த்தால் நாங்கள் கெட்டிக்காரர்களே.

ஆயினும் 2011இல் அப்பா இறந்தபோது, அவர் கைப்பட எழுதியது ஏதேனும் வீட்டில் உண்டா என்று தேடினோம். எங்கள் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் பெற்றோர் கையொப்பமிடும் கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் தாமாக விரும்பி, மகிழ்ந்து, ஒரு நிகழ்ச்சியை நினைவில் வைக்க வேண்டுமென்று எழுதிய நான்கு வரிகள் அந்தத் திருமண அழைப்பிதழின் மறுபக்கத்தில்தான் இருந்தன. இரண்டு கையெழுத்துகள் இருந்த அட்டையில் ஒன்றை மட்டுமே பார்த்து விலை போட்டிருக்கிறோம் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

பூந்தமல்லிக்குச் சென்று விசாரித்தோம். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு எப்போதோ வேறிடம் போய்விட்டது. டெண்டுல்கரின் கையெழுத்து இன்னும் எங்களிடம் இருக்கிறது. நல்ல விலைக்குப் போகும் என்று சொல்வோர் உண்டு. விற்கவும் மனமில்லை, எடுத்துப் பார்க்கவும் மனமில்லை.

ஒருவர் பின்னாளில் என்ன ஆவார் என்பதை வைத்தே இன்று அவரை மதிப்பிடும் பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும், உடன் வேலை செய்பவரின் பதவியையும் அதே கண்ணால்தானே பார்க்கிறோம்? ஒரு நாள் ஒருவர் முழுமையாகச் செய்த நற்செயல், அதற்குப் பின் தொடராவிட்டாலும் நற்செயலே. எழுதப் பழகாத ஒரு தொழிலாளிக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தார்.

பூந்தமல்லிப் பையன் அந்த அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருப்பான் என்றே நம்புகிறோம். அவன் அதை விலைக்காகக் கேட்கவில்லை.