பாயிண்ட் 32 வாங்க நினைக்கும் தம்பிக்கு

சக்கம்பட்டியில் தறிக்கூடம் வைத்திருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "மாமா, கைக்கடக்கமா ஒரு துப்பாக்கி வாங்கி வச்சுக்கலாம்னு இருக்கேன். பாயிண்ட் 32 போதுமா? 9 எம்எம்தான் நல்லதுங்கிறாங்களே?" வாரக் கூலி கொடுக்கக் கையில் பணத்தோடு வண்டியில் வருகிறவன். அவன் பயம் நியாயமானது. ஆண்டிபட்டிப் பக்கத்தில் நாலு காசு சேர்த்த பிள்ளைகள் பலருக்கும் இந்த எண்ணம் வருவதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 9 எம்எம் நமக்குக் கிடையாது. 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் அந்த ரகத்தைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அது ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் தோட்டா. தனி ஆளுக்கு லைசென்ஸ் கிடைத்தால் வாங்கக்கூடியது பெரும்பாலும் பாயிண்ட் 32, பாயிண்ட் 22, அல்லது 12 போர் நீளத் துப்பாக்கி. டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு 2014ல் பெண்களுக்கென்று கான்பூர் அரசு ஆலை கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் பாயிண்ட் 32தான். எடை அரைக் கிலோ. அன்றைக்கே விலை 1,20,000 ரூபாய்க்கு மேல்.

எது பெரிய தோட்டா என்ற வாதத்தை அமெரிக்காவே நடத்திப் பார்த்துவிட்டது. 1986ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். 9 எம்எம் தோட்டாவுக்கு வலுவில்லை என்று பெரிய தோட்டாவுக்கு மாறினார்கள். முப்பது வருஷம் போல ஆனபின் 9 எம்எம்முக்கே திரும்பினார்கள். பருமனைவிடக் குறிதான் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது. தினமும் சுட்டுப் பழகுகிறவர்கள் நிலைமையே அது. நடுச்சாமத்தில் அரைத்தூக்கத்தில் எழுந்து, கை நடுங்க, இருட்டில் சுடுகிறவன் குறி எங்கே போகும்? நம் தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

துப்பாக்கி இருக்கும் வீட்டில் அதை எடுக்கப்போவது திருடன் வரும் ராத்திரி மட்டும்தானா? வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டு நிற்கும் நாள் உண்டு. குடித்துவிட்டு ஒருவன் ஆங்காரமாக வரும் நாள் உண்டு. கடன்காரன் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனபின் வீட்டுத் தலைவன் தனியாக உட்கார்ந்திருக்கும் நாள் உண்டு. இப்படிப்பட்ட நாள்கள்தாம் குடும்பத்தில் அதிகம். அந்த நேரங்களில் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக்கூடாது என்பதே என் கவலை.

1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரைச் சுட்டவர் கொள்ளைக்காரர் இல்லை. கூட நடித்த எம்.ஆர்.ராதா, வீட்டுக்குப் பேச வந்தவர். தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்.ஜி.ஆரின் குரல் கடைசிவரை பழையபடி ஆகவில்லை. 1984ல் புரூக்ளின் மருத்துவமனையில் அவர் படுத்திருந்தபோதே அவரை ஜெயிக்க வைத்த ஊர் நம் ஆண்டிபட்டி. அந்தக் குரலை மேடைக்கடியில் நின்று கேட்டவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு ராதாவிடம் துப்பாக்கி இல்லாதிருந்தால் அது வாய்ச்சண்டையோடு போயிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

வருசநாட்டுப் பக்கம் காட்டுப்பன்றியை விரட்டத் துப்பாக்கி கேட்கும் விவசாயியின் பாடு வேறு. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

லைசென்ஸ் வாங்கினாலும் வேலை முடிவதில்லை. பயன்படுத்தாத நேரத்தில் தோட்டாவைக் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது, திறந்து வைத்தால் பிள்ளைகள் கைக்குப் போகும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தற்காப்புக்குச் சுட்டாலும், தேவைக்கு மேல் தீங்கு செய்தாயா என்று கோர்ட் பார்க்கும்.

அதனால் தம்பி, கூலியை அவரவர் வங்கிக் கணக்கில் போடு. நகையை லாக்கரில் வை. தறிக்கூடத்துக்கு நல்ல கிரில் கதவு, விளக்கு, கேமரா போடு. மிரட்டல் வந்தால் எழுத்தில் புகார் கொடு; அவசரத்துக்கு 112 இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால், மனுவில் கையெழுத்துப் போடுமுன் உன் அம்மாவையும் பொண்டாட்டியையும் கேள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடு.