காணாத அலை

கொங்கு நாட்டில் கிணறுகள் ஆழமானவை, நீரோ அரிது. மண்ணின் ஈரத்தை அறிந்து மோட்டாரை இயக்கும் சிறு உணர்கருவியை மாணவரும் வீட்டிலேயே அமைக்கலாம். ஆயினும் அது சிலபோது, ஈரமிருக்கவும் வறட்சி என்று பொய்யுரைக்கும். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டரில் எழும் தீப்பொறியும் அதற்குக் காரணமாகலாம். 1887-இல் ஹெர்ட்ஸ் என்னும் செர்மானிய அறிஞர், மின்பொறியைக் கொண்டே வானொலி அலையைப் பிறப்பித்துக் காட்டினார். கருவியின் நீண்ட கம்பி அவ்வலையை ஏற்றுக்கொள்கிறது. உதகைக்கு அருகில் 1970-இல் அமைந்த 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கிக்கும் மனிதர் எழுப்பும் அலைகள் இடையூறே.

மாணவர்களே! கம்பிகளைக் குறுக்கி, ஒன்றோடொன்று முறுக்குங்கள். கருவியை உலோகப் பெட்டியிலிட்டு, பெட்டியை நிலத்தோடு இணையுங்கள். பலமுறை அளந்து ஒத்துவந்த பின்னரே மோட்டார் ஓடுமாறு அமையுங்கள். ஒரு சொல்லை ஆராயாது நம்பினால் கிணறும் வற்றும், மோட்டாரும் கருகும்.