திரும்பிச் செல்லும் வழி



உங்களில் கார் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இக்காலத்துப் பெட்ரோல் வண்டிகள் பலவற்றில், சாவியைத் திருப்பியவுடன் இன்ஜின் சுழலுமுன்பே, பின்னிருக்கைப் பக்கமிருந்து ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் எழும். டாங்கிக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் மின்சாரப் பம்பின் ஒலி அது. இன்ஜெக்டர்களுக்கு வேண்டிய அழுத்தத்தை, பல வண்டிகளில் ஏறத்தாழ 3 பார் அளவுக்கு, அதுவே உண்டாக்குகிறது. அந்தப் பம்ப் ஓடாவிட்டால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுழன்றாலும் வண்டி உயிர் பெறாது.

ஞாயிறு ஆராதனைக்கு முதியோரை அழைத்துவரும் எங்கள் சபை வாகனத்தில், ஒரு சனிக்கிழமை மாலை அந்த ஒலி நின்றுபோயிற்று. கூடிநின்றவர்கள் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்: "பம்ப் செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்." மெக்கானிக் சகோதரரோ டாங்கியைத் தொடவேயில்லை. "ஐயா, டாங்கியைத் திறப்பது கடைசி வேலை. பெட்ரோல் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும்" என்றார்.

முதலில் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாயிருந்தது. ரிலேயைக் கழற்றி, அதே வகையான வேறொரு ரிலேயை அங்கே மாட்டினார், மாற்றமில்லை. பின்பு பம்புக்குச் செல்லும் கனெக்டரைப் பிரித்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். மீட்டர் எதையும் காட்டவில்லை. அடுத்து, கனெக்டரின் பாசிட்டிவ் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தார். இப்பொழுது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. அவர் நிமிர்ந்து என்னிடம், "மின்சாரம் வந்து சேருகிறது ஐயா. திரும்பிப் போகத்தான் வழியில்லை" என்றார். பம்பின் எர்த் கம்பி வண்டியின் உடலோடு சேரும் போல்ட்டில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிக் கனெக்டரை மாட்டியதும் ரீங்காரம் கேட்டது. பம்ப் சாகவில்லை.

பிரியமானவர்களே, அக்காலத்தில் எங்கள் சபையில் இதைப்போன்ற இன்னொரு தீர்ப்பும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதைச் சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் போதித்த அவர், தம் ஒரே மகனை அடக்கம்பண்ணிய பின்பு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஜெபிக்க அழைத்தால் தலை குனிந்து மௌனமாயிருப்பார். "அவருடைய விசுவாசம் செத்துப்போயிற்று, வேறொருவரை நியமிக்கலாம்" என்று கமிட்டியில் சிலர் கூறினர். நான் சிறிது காலம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

அவருக்கு எதுவும் போய்ச் சேராமலில்லை. வசனங்கள் போயின, ஆறுதல் கடிதங்கள் போயின, உபவாச ஜெபக் குழுவும் போயிற்று. நானும் என் மனைவியும் இரண்டு முறை சென்று, பிரசங்கம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்து திரும்பினோம். மூன்றாம் முறை அவர் பேசினார். அடக்க ஆராதனையன்று யாரோ அவரிடம், "அழாதீர்கள், அழுவது அவிசுவாசம்" என்று சொன்னார்களாம். "அன்றைக்கு அடக்கிய அழுகை ஐயா, இன்னும் வெளியே வரவில்லை. எனக்குக் கடவுள்மேல் கோபம். அதை யாரிடம் சொல்ல?" என்றார். அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதார். நாங்கள் அவரைத் தடுக்கவில்லை.

ஒரு மின்சுற்றுக்கு வரும் வழி மட்டும் போதாது. திரும்பும் வழியும் வேண்டும். மனித ஆத்துமாவும் அப்படியே. கிருபையின் வார்த்தைகளை நாம் ஒருவருக்குள் செலுத்திக்கொண்டேயிருக்கிறோம். அவருடைய துக்கமும் கேள்வியும் தேவனிடத்துக்குத் திரும்பிச் செல்லும் வழியை நாமே அடைத்துவிட்டால், உள்ளே எதுவும் அசையாது.

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அன்னாளைப் பாருங்கள். சீலோவிலே அவள் தன் மனப்பாரத்தைக் கர்த்தருக்கு முன்பாக இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளுடைய உதடுகளின் அசைவை மட்டும் கண்டு, அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணினான். அவன் வெளியடையாளத்தைப் பார்த்தான். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஜெபத்தை அறியவில்லை. ஆயினும் அவள் விளக்கிச் சொன்னபோது, செவிகொடுத்துச் சமாதானத்தோடு அனுப்பினான் என்பதையும் மறவாதிருப்போம்.

88-ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். அது ஆறுதலில் முடிவதில்லை, இருளில் முடிகிறது. அப்படிப்பட்ட புலம்பலையும் தேவன் தம் ஜனத்தின் ஜெபப்புத்தகத்தில் வைத்திருக்கிறார். நம் ஆண்டவரும் லாசருவின் கல்லறையண்டை கண்ணீர் விட்டார். சிலுவையிலே, தாம் கைவிடப்பட்டது ஏன் என்று பிதாவை நோக்கிக் கதறினார். அப்படியிருக்க, அழுகையை அவிசுவாசம் என்று சொல்ல நாம் யார்?

அந்தச் சகோதரி இன்னும் ஞாயிறு பள்ளிக்குத் திரும்பவில்லை. கடைசி இருக்கையில் வந்து அமருகிறார். பாட்டு நேரத்தில் சில நாட்கள் பாடுகிறார், சில நாட்கள் அழுகிறார். அவருடைய இடம் அவருக்காகக் காத்திருக்கிறது.

இந்த வாரம், "விசுவாசம் போய்விட்டது" என்று பிறர் முடிவுகட்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உள்ளத்தைத் திறந்து பார்க்க அவசரப்படாதீர்கள். அவருக்கு இன்னொரு அறிவுரை தேவையா, செவிகொடுக்கும் ஒருவர் தேவையா என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். மௌனமாயிருப்பது நீங்களே என்றால், உங்கள் கோபத்தையும் அவரிடமே கொண்டுபோங்கள். அதைக் கேட்டு அவர் உங்களைத் தள்ளிவிடமாட்டார்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, அடைபட்ட துக்கங்களுக்கு உம்மிடத்தில் வழியைத் திறந்தருளும். தீர்ப்புச் சொல்ல விரையும் எங்கள் நாவை அடக்கி, கேட்கிற செவியை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.