பிடிச்சது, பிடிக்காதது: நாலு புத்தகங்கள்

எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாலும் 'செம'ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடறோம். அதனால, இந்த வருஷம் ஹாஸ்டல்ல படிச்ச நாலு புத்தகங்களைப் பற்றி மனசுல பட்டதை அப்படியே எழுதறேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்: எல்.கே.ஜி.யிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ஒரு பக்கம் படிக்கிற நேரத்துல இங்கிலீஷ்ல மூணு பக்கம் ஓடிடும்.

பொன்னியின் செல்வன் (கல்கி): 1950-லிருந்து 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் சரியான இடத்துல நிறுத்தி நம்மளத் தவிக்க விடறார். ஆனா மொத்தமா உட்கார்ந்து படிக்கும்போது, பழசைத் திரும்பச் சொல்ற பகுதிகள் இழுவைதான். வாரம் ஒருமுறை படிச்சவங்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும். வந்தியத்தேவனை விட எனக்கு நந்தினியைத்தான் பிடிச்சது. முதல் பாகம் முடிக்க ஒரு மாசம் ஆச்சு. அஞ்சுலயும் பெரிய கடைசிப் பாகத்துக்குப் பத்தே நாள். என் தமிழ் வேகம் கூடினதுக்குக் கிரெடிட் கல்கிக்கே.

அக்னிச் சிறகுகள் (அப்துல் கலாம்): அறிவுரை வர்ற பக்கங்களைத் தாண்டித் தாண்டித்தான் போனேன். எஸ்.எல்.வி.-3 பகுதி வேற ரகம். 1979 ஆகஸ்ட் 10 அன்று ராக்கெட் வங்கக் கடலில் விழுகிறது. காரணம், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு. அடுத்த ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைக்கிறது. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி படிக்க வேண்டிய பகுதி இது.

தண்ணீர் (அசோகமித்திரன்): சின்ன நாவல். தண்ணி வராத ஒரு சென்னைத் தெரு, ஜமுனா, அவ தங்கை சாயா, பக்கத்துல ஒரு டீச்சரம்மா. முதல் முப்பது பக்கம் 'கதை எப்பதான் ஆரம்பிக்கும்'னு காத்துட்டு இருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, குடத்தைத் தூக்கிட்டு பம்புக்கு அலையறதுதான் கதையே. 2019-ல சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்தப்போ நாங்க பத்தாவது படிச்சிட்டு இருந்தோம். 1973-ல வந்த நாவல் பழசா தெரியாததுல எனக்குச் சந்தோஷம் ஒண்ணும் இல்ல.

வெக்கை (பூமணி): 'அசுரன்' பார்த்துட்டு இதை எடுக்கிறவங்க கொஞ்சம் ஏமாறலாம். படத்தில் வர்ற அப்பாவோட இளமைக்கால ஃப்ளாஷ்பேக் நாவல்ல இல்ல. கொலை பண்ணிட்டு ஓடற ஒரு பையன், கூடவே அவன் அய்யா, காடு, பசி. இவ்வளவுதான். பத்துப் பக்கம் வரைக்கும் எனக்குப் பாதி வார்த்தை புரியலை. வாய்விட்டுப் படிச்சேன். சட்டுனு எங்க ஆச்சி குரல் கேட்டுச்சு. ஆச்சிக்குக் கோவில்பட்டி பக்கம். நான் படிச்ச ஸ்கூல்ல தமிழ்ல பேசினா பத்து ரூபா ஃபைன். ஆச்சி பேசற தமிழ் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாததால, அதைப் புத்தகத்துல எழுதவே மாட்டாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். இங்க ஒரு நாவல் முழுக்க அந்தப் பேச்சு. ஆச்சி இருந்திருந்தா, புரியாத வார்த்தைகளைப் போன்ல கேட்டிருப்பேன். இப்போ அம்மாகிட்ட கேட்கறேன், அம்மாவுக்கே சிலது மறந்துபோச்சு.

நாலுல ஒண்ணுதான் மறுபடி படிப்பேன்னா, வெக்கை. நம்ம லைப்ரரி தமிழ் அலமாரியில திருப்பி வெச்சாச்சு. எடுத்துப் படிச்சுட்டு, பிடிக்கலைன்னா அதையும் எழுதுங்க. சண்டை போடலாம்.