என்ஜினுக்கு என்ன விலை?

பழைய கான்டெஸா காரை விற்றுப் பார்த்தால் உலக நியாயம் புரியும். 1984-ல் வெளிவந்தபோது அதற்கு உடம்பு பயில்வானுடையது. உள்ளே இருந்ததோ அம்பாஸடரின் 1,489 சி.சி. என்ஜின். பின்னால் வந்த இஸுஸு 1.8 பெட்ரோல் என்ஜின்தான் மானத்தைக் காப்பாற்றியது. உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. இன்றும் ரசிகர்கள் முதலில் பானட்டைத் திறந்து, என்ஜின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள்.

குலசேகரன்பட்டினத்து நண்பர் ஒருவரின் தகப்பனார், சிக்கனத்துக்காக இஸுஸுவைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் பூட்டியிருந்தார். தசராவுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கியே மூன்று பெண்களுக்குக் கலியாணம் முடித்தார். வாங்க வந்தவர், டீசலைக் கண்டதும் பாதி விலைக்குக் கேட்டார்.

நண்பர் பானட்டை மூடினார். "எங்கள் அக்காமார் கலியாணத்தைப் பாதி விலைக்குக் கேட்கிறீர்களே, ஸார்!" என்றார்.

கார் இன்னும் அவர் வீட்டில்தான் நிற்கிறது.