மந்தம் என்னும் பெயர்

தமிழ்வழியில் பயின்று பெங்களூருவுக்கு ஆய்வு செய்ய வரும் மாணவர், ஹீலியத்தை ‘மந்த வாயு’ என்றே அறிந்திருப்பார். எதனோடும் எளிதில் வினைபுரியாதது என்பது அதன் பொருள். பெயரில் பிழை இல்லை. ஆனால் அது அணுவின் ஒரு நிலையை மட்டுமே குறிக்கிறது என்பதைப் பாடம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

மின்னிறக்கத்தின் வழியே ஹீலியத்தின் ஓர் எலக்ட்ரானை மேல்மட்டத்துக்கு ஏற்றினால், அவ்வணு 19.82 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலைப் பெறலாம். கிளர்வுற்ற அணுக்கள் பெரும்பாலும் நொடியின் மிகச் சிறு பங்கிலேயே ஒளியை உமிழ்ந்து அடங்கிவிடும். இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே திசையில் அமைந்த இந்நிலைக்கு அவ்வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. தனித்து விடப்பட்டால், சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அவ்வாற்றலைச் சுமந்திருக்கும்.

அதன்மீது கார மண் உலோகமான கால்சியத்தின் அணு மோதட்டும். கால்சியத்தின் வெளி எலக்ட்ரானைப் பிரிக்க 6.11 எலக்ட்ரான்வோல்ட் போதும். அந்த எலக்ட்ரான் ஹீலியத்தின் அடிமட்ட வெற்றிடத்தை நிரப்புகிறது. ஹீலியத்தின் மேல்மட்ட எலக்ட்ரான் மிச்ச ஆற்றலோடு வெளியே பாய்கிறது. ஹீலியம் மீண்டும் மந்தமாகிறது, கால்சியம் அயனியாகிறது. இவ்வகை அயனியாக்கம், 1927-இல் அதனை ஆராய்ந்த டச்சு இயற்பியலாளர் பென்னிங்கின் பெயரால் வழங்குகிறது.

பெங்களூரு கோரமங்கலாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் மரபில் இவ்விரு தனிமங்களுக்கும் இடமுண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது, ஹீலியத்தின் மஞ்சள் கோட்டைக் கண்டவர்களுள் ஒருவர் சென்னை வானாய்வகத்தின் போக்சன். இந்நிறுவனத்தின் முன்னோடி அவ்வானாய்வகமே. இந்நிறுவனத்தின் கொடைக்கானல் ஆய்வகமோ, கால்சியம் அயனி உமிழும் 393.4 நானோமீட்டர் ஒளியில் நூறாண்டு அளவுக்குச் சூரியனைப் படம்பிடித்து வந்தது.

சூரியனில் கால்சியம் அயனியாவது வெப்பத்தால். அதனை மேகநாத சாஹா 1920-இல் விளக்கினார். பென்னிங் மோதலிலும் சில வேளைகளில் கால்சியம் அயனி கிளர்வுற்ற நிலையில் எஞ்சி, அதே 393.4 நானோமீட்டர் ஒளியை உமிழ்கிறது. ஒளி ஒன்றே, அது பிறந்த வழிதான் வேறு.

ஒரு நிறமாலைக் கோட்டை மட்டும் பார்த்து அயனி பிறந்த வழியைச் சொல்லிவிட இயலாது. அவ்வாறே ஒரு பெயரை மட்டும் மனனம் செய்து அணுவை அறிந்துவிடவும் இயலாது. மந்தம் என்பதை ஹீலியத்தின் நிரந்தரக் குணமாகக் கற்ற மாணவருக்கு இம்மோதல் நடக்கவே முடியாத ஒன்றாகத் தோன்றும். ‘தாழ் ஆற்றல் நிலையில்’ என்னும் மூன்று சொற்களை அப்பெயருக்கு முன் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர், அவருக்கு அந்தக் கதவைத் திறந்துவைக்கிறார்.